நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

1986 மே 11, ஞாயிறு

இன்று முதல்முறையாக ஒரு முழு இங்கிலீஷ் நாவல் என் கைக்கு வந்திருக்கிறது. பாடப்புத்தகம் இல்லை. மாணவர்களுக்காகச் சுருக்கியதும் இல்லை. முழுசு. அதனால்தான் புது நோட்டில் புதிதாக நாட்குறிப்பு தொடங்குகிறேன். பின்னால் யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் விவரமாகவே எழுதுவேன்.

ஆராதனை முடிந்து வந்தபோது சின்ன துரை பங்களாவின் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் சோலைமட்டம் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜர் பெரிய துரை, உதவி மேனேஜர் சின்ன துரை. இவர் பெயர் ரகுநந்தன், சென்னைக்காரர், சோலைமட்டத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அப்பா இந்தப் பங்களாவில் பட்லர். பங்களாவுக்குப் பின்னால், சமையற்கட்டிலிருந்து முப்பது அடியில் எங்கள் வீடு.

"மேபல், உனக்கு இங்கிலீஷ் நல்லா வருமாமே? காலையில டோஸ்ட் சாப்பிடறப்போ திடீர்னு தோணிச்சு, இது உனக்குப் பிடிக்கும்னு. இந்தா."

அட்டை இல்லை. முதல் ஏழு பக்கங்களையும் கரையான் தின்றுவிட்டது. அதனால் பெயர் தெரியவில்லை, எழுதியவர் யாரென்றும் தெரியவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைகள் விட்டுப் போன அலமாரியிலிருந்து வந்தது. முகர்ந்து பார்த்தேன். ஏலக்காயும் பூஞ்சையும் கலந்த வாசனை.

பட்லர் மகளைப் பற்றி ஒரு துரை டோஸ்ட் சாப்பிடும்போது யோசித்திருக்கிறார்! எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

மே 13, செவ்வாய்

முப்பத்தொரு பக்கம். அகராதியில் அறுபத்து நான்கு வார்த்தை பார்த்தேன்.

கதை இதுதான். லண்டனில் ஒரு பணக்கார இளைஞன். நல்லவன், ஆனால் எதைத் தொட்டாலும் சிக்கல். அவனுக்குத் துணி எடுத்து வைத்து, தேநீர் கொடுத்து, எல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு வேலையாள். வேலட் என்று பெயர். முதலாளி எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் வேலட் சத்தமில்லாமல் வந்து தூக்கிவிடுகிறான். கத்துவதில்லை, ஓடுவதில்லை, புருவத்தை மட்டும் ஒரு நூல் உயர்த்துகிறான். அவ்வளவு மூளை அந்தத் தலைக்குள் எப்படி இருக்கிறது என்று நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

அம்மா எஸ்டேட் குழந்தைக் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறாள். வேலை முடிந்து வந்து, காலில் ஒட்டிய அட்டைகளை உப்பு வைத்து எடுத்துக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி, என்னத்தைப் பாத்து இளிக்க?"

கதையைச் சொன்னேன்.

"இதுக்கா இம்புட்டுப் பெரிய பொஸ்தகம்? ஒரு தடியன், அவனுக்குச் சட்டை எடுத்துக் குடுக்க இன்னொரு தடியன். நம்ம வீட்டுலயும் ஒருத்தர் இருவது வருசமா அதான செய்யுதாரு. எவன் பொஸ்தகம் போட்டான்?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அப்பா நல்லவர்தான். ஆனால் அந்த வேலட் வேறு. அவன் ஒரு மேதை.

மே 16, வெள்ளி

அம்மாவுக்கு இடுப்பு வலி. காலைத் தேநீர் எடுத்துப் போகும் அப்பாவுக்கு உதவியாக, அவளுக்குப் பதில் நான் பங்களாவுக்குப் போனேன். ஒரு விசித்திரம் பார்த்தேன்.

சின்ன துரைக்கு எழுந்திருப்பது ஜென்ம விரோதம். ஏழு மணிக்கு அவர் பிரட்டுக் களத்தில் நின்றாக வேண்டும். அங்கேதான் ஆட்களுக்கு அன்றைய வேலை பிரிப்பார்கள். ஆனால் பட்லர் துரையைக் கூப்பிட்டு எழுப்பக் கூடாதாம், தொடவும் கூடாதாம். அப்பா தட்டை மேசைமேல் வைத்தார். திரையை விலக்கினார். பிறகு ஒரு ஸ்பூனைத் தரையில் ஒரே ஒரு தடவை போட்டார். டிங்!

துரை கண்ணைத் திறந்தார். "என்ன பட்லர், இன்னிக்கும் நானே முழிச்சிட்டேன் பாத்தியா?"

"ஆமாங்க துரை."

வெளியே வந்ததும், "தினமும் கை தவறுதாப்பா?" என்று கேட்டேன்.

"வயசாவுதுல்ல" என்றார் அப்பா.

அப்பாவுக்கு நாற்பத்து மூன்று. ஆறு கண்ணாடி டம்ளரை ஒரே கையில் தூக்குகிறவர். பாவம், நரம்புத் தளர்ச்சியாக இருக்குமோ? டிஸ்பென்சரிக்குப் போகச் சொல்ல வேண்டும்.

மே 21, புதன்

இவ்வளவு சிரிக்க முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. இருமல் வந்து, புரையேறி, அப்பா ஓடிவந்து தலையில் தட்டும்படி ஆகிவிட்டது.

அந்த இளைஞன் ஒரு விருந்தில் பிஷப்பின் தொப்பிமேல் உட்கார்ந்து நசுக்கிவிடுகிறான். யாருக்கும் தெரியாமல் அதைப் பியானோவுக்குள் ஒளித்து வைக்கிறான். அந்த நேரம் பார்த்து, பிஷப் பியானோ வாசிக்க உட்காருகிறார். "புஸ்" என்று ஒரு சத்தம். எல்லோரும் திகைத்து நிற்க, வேலட் உள்ளே வந்து குனிந்து சொல்கிறான்: "மன்னிக்க வேண்டும், பியானோவுக்கு இன்று உடம்பு சரியில்லை, ஐயா."

அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் காதால் தெரியும், கண்ணால் தெரியாது. துரைகள் பேசுவதெல்லாம் புரியும், தமிழோ இங்கிலீஷோ எழுத்துக் கூட்டத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இந்த இடந்தானா ரொம்பச் சிரிப்பு?"

"ஆமாப்பா. கல்லும் சிரிக்கும்."

"நூத்திப் பன்னெண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் சிரிக்கவில்லை. மொழிபெயர்த்தால் நகைச்சுவை செத்துப்போகும் என்று எங்கள் இங்கிலீஷ் டீச்சர் சொன்னது சரிதான்.

மே 22, வியாழன்

முடித்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து.

மே 30, வெள்ளி

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. பாஸ். இங்கிலீஷில் தொண்ணூற்றொன்று, பள்ளியில் முதல். டீச்சர் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்.

ஆனால் எஸ்டேட் பள்ளியில் பத்தோடு சரி. மேலே படிக்க மலையிறங்க வேண்டும். கம்பெனி வருஷத்துக்கு நான்கு பிள்ளைகளைக் கோயம்புத்தூரில் விடுதியோடு பிளஸ் டூ படிக்க வைக்கிறது. டீச்சர் விண்ணப்ப பாரம் வாங்கிக் கொடுத்து, என்னையே நிரப்பச் சொன்னார். பச்சைத் தாள். சின்ன துரை சிபாரிசு செய்து கையெழுத்துப் போட வேண்டும், பெரிய துரை ஒப்புதல் தர வேண்டும். ஜூன் பதினைந்துக்குள் கீழே கம்பெனி ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.

"காப்பகத்துல ஒரு ஆயா இடம் காலியா கெடக்கு" என்றாள் அம்மா. "நான் சொன்னா மேபலுக்குக் குடுப்பாங்க. கீழ போயி, சோறு தண்ணி சரியில்லாம, ஒத்தையில... எனக்குப் பயமா இருக்குட்டி."

அப்பா பாட்டுக்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இதைப் பற்றி எண்ணமே இல்லை போலிருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

முடியாதாம்.

சின்ன துரை பாரத்தை எடுத்துக்கொண்டு கிளப்பில் பெரிய துரையைப் பார்த்திருக்கிறார். பெரிய துரை, "பட்லர் மகளா? அந்த ஸீட் கிளார்க், தோட்டம் மேற்பார்க்கிற கண்டக்டர் பிள்ளைகளுக்குத்தானே. பங்களா வேலைக்காரர்களுக்குக் கொடுக்கிற வழக்கமில்லையே" என்றாராம். சின்ன துரை கையெழுத்துப் போடாமலே திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் காது சிவந்துவிட்டது.

"இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன் மேபல். நல்ல சமயம் பாத்து."

அவர் கேட்கமாட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். வருகிற திங்கட்கிழமை வி.ஏ. வருகிறார். விசிட்டிங் ஏஜென்ட், அதாவது கம்பெனியிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை எஸ்டேட்டைச் சோதிக்க வருகிற பெரிய அதிகாரி, பெயர் பெல்லியப்பா. பெரிய துரைக்கே மேலே. சின்ன துரையின் வேலையை நிரந்தரம் செய்வதும் அவர் கையில்தான். பெரிய துரை பங்களாவில் கூரை ஒழுகுவதால் இந்தத் தடவை எங்கள் பங்களாவில் தங்குகிறார். அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம்.

அப்பாவிடம் கேட்டேன்: "நீங்க வி.ஏ. துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?"

"பட்லர் தன் வீட்டு விசயத்தை விருந்தாளிகிட்டப் பேசக் கூடாது பாப்பா."

"யாரு போட்ட சட்டம்?"

"சட்டமெல்லாம் இல்ல. அப்படித்தான்."

அந்த வேலட் அப்பாவாக இருந்தால் இந்நேரம் ஏதாவது செய்திருப்பான். இதை எழுதியதற்கு ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். ஆனால் கோடு போட்டு அடிக்கப்போவதில்லை, எழுதியது எழுதியதுதான்.

ஜூன் 5, வியாழன்

பங்களா சாப்பாட்டு மேசைக்கு ரோஜா பறித்துக் கொடுக்கப் போனேன். சின்ன துரை ஒரு கையால் பப்பாளி தின்றுகொண்டே மறு கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அப்பா ஒவ்வொரு சீட்டாக நகர்த்த நகர்த்த, துரை அடியில் மட்டும் பார்த்துக் கிறுக்குவார். மளிகைச் சீட்டு, பால் சீட்டு, விறகு, மண்ணெண்ணெய், வண்ணான் சீட்டு, முட்டை. வழக்கமாக ஆறு. இன்று ஏழு. விருந்தாளி வருகிறார் அல்லவா.

ஜூன் 7, சனி

பாரத்தைக் காணோம்!

"பட்லர், இங்கதானே ஒரு பச்சைத் தாள் வச்சேன்? பேப்பர்வெயிட்டுக்கு அடியில?" சின்ன துரை மேசையையே தலைகீழாக்கினார். இழுப்பறையிலிருந்து மூன்று கைக்குட்டை, ஒரு கிரிக்கெட் பந்து, போன வருஷத்துத் தீபாவளி வாழ்த்து எல்லாம் வந்தன. என் எதிர்காலம் மட்டும் வரவில்லை.

"தேடிப் பாக்குதேன் துரை" என்றார் அப்பா, கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டே.

வேறு பாரம் வாங்க வால்பாறை ஆபீசுக்குப் போக வேண்டும். மழையில் பாதை இடிந்து பஸ் ஓடவில்லை.

சாயங்காலம் அப்பா வந்து இன்னொரு இடியையும் போட்டார். "மேபலு, அந்தப் பொஸ்தகத்தக் குடு. வி.ஏ. வாறாரு, அலமாரியில எல்லாம் இருக்கணும்."

"இன்னும் எண்பது பக்கம் இருக்குப்பா, மூணாவது தடவை."

"குடு பாப்பா."

கொடுத்துவிட்டேன். பாரமும் போச்சு, புத்தகமும் போச்சு. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து எனக்குத் தலை வாரிவிட்டாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். அப்பா செய்யாவிட்டால் நானே வேலட் ஆகிவிடுவது.

நாவலில் வருகிற மாதிரியே, மிக உயர்ந்த இங்கிலீஷில், வி.ஏ. துரைக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். "மாட்சிமை பொருந்திய ஐயா, இந்தப் பணிவான பேனா நடுங்குகிறது" என்று ஆரம்பம். விருந்தினர் வரும் நாளில் பேன்ட்ரியில், அதாவது பாத்திர அறையில், கண்ணாடிச் சாமான் துடைக்க என்னைக் கூப்பிடுவார்கள். மத்தியானம் யாரும் பார்க்காதபோது, அவர் உட்காரும் இடத்தில் தட்டுக்கு அடியில் கடிதத்தை வைத்துவிட்டேன்.

வி.ஏ. துரை வந்தார். ஆறடிக்கு மேல். அரிவாள் மாதிரி வெள்ளை மீசை. ஜீப்பிலிருந்து இறங்கியதும் சின்ன துரையிடம் சொன்ன முதல் வார்த்தை: "ஒன்பதாம் நம்பர் காட்டில் களை." எங்களுக்குக் காடு என்றால் தேயிலைத் தோட்டம்.

சுவரில் உள்ள பரிமாறும் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூப் வந்தது. தட்டை எடுத்தார்கள். அடியில் வெறும் மேசைவிரிப்பு! என் கடிதம் இல்லை.

வீட்டுக்கு வந்து பூகோளப் புத்தகத்தைத் திறந்தால், அதற்குள் இருந்தது. மடிப்புக் கலையாமல்.

அப்பாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் திட்டவில்லை. "எழுத்து நல்லாருந்துச்சு பாப்பா. வரியெல்லாம் நேரா இருந்துச்சு" என்றார். பிறகு, "நேராக் கேட்டா, இல்லைன்னு சொல்லத்தான் அவருக்கு வாய் வரும்" என்றார்.

சாயங்காலம் விருந்தினர் அறையைத் தயார் செய்ய அப்பாவுக்குக் கூடவே போனேன். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கூஜா தண்ணீர், மெழுகுவத்தி, டார்ச், ஒரு புத்தகம். வருகிறவருக்குப் புத்தகம் எடுத்து வைப்பதும் பட்லர் வேலைதான். போன தடவை பெரிய துரை பங்களாவில் 'தேயிலைப் பூச்சிகளும் தடுப்பு முறைகளும்' வைத்தார்களாம். இன்று அப்பா என் நாவலை வைத்தார். அட்டை இல்லாத புத்தகத்தையா இவ்வளவு பெரிய மனிதருக்கு வைப்பது? எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்பா ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில மழை விடாது. காட்டுக்குப் போக முடியாது. படுக்கையிலதான் இருப்பாரு."

எதற்காக அதைச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

விடிந்ததிலிருந்து கூரைமேல் கல் கொட்டுவது போல மழை. ஆறரை மணிக்கு அப்பா தேநீர்த் தட்டோடு விருந்தினர் அறைக்குப் போய்விட்டு வந்தார். நான் பேன்ட்ரியில் முள்கரண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். ஏழே கால் இருக்கும், அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மரம் முறிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி கேட்டது. பிறகு விடாமல் கேட்டது. சின்ன துரை ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வெளியே ஓடிவந்தார்.

"பட்லர்! அவருக்கு என்ன ஆச்சு? மூச்சு முட்டுதா?"

"சிரிக்காருங்க துரை."

"யாரு?"

"வி.ஏ. துரை."

சின்ன துரை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மணிக்கு வி.ஏ. துரை சாப்பாட்டு அறைக்கு வந்தார். கண்ணெல்லாம் ஈரம். ஒரு கையில் என் நாவல். மறு கையில் பச்சைத் தாள்! நான் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பரிமாறும் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

"ரகு, இது என்னய்யா? பிஷப் பியானோ வாசிக்க உட்கார்ற இடத்துல, நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல, ஒரு பொண்ணை ஒளிச்சு வச்சிருக்கே?"

"சார்?"

"மேபல் ஆசீர்வாதம். இங்கிலீஷ்ல தொண்ணூத்தொண்ணு. சிபாரிசுன்னு உன் கையெழுத்து இருக்கு."

சின்ன துரை தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "என் கையெழுத்துதான் சார்" என்றார், ஏதோ அதிசயத்தைப் பார்த்தவர் போல.

"யாரு இந்தப் பொண்ணு?"

"எங்க பட்லர் மகள் சார். இந்தப் புத்தகத்தை இதுவரை ரெண்டரைத் தடவை படிச்சிருக்காளாம், பட்லர் சொன்னார்."

வி.ஏ. துரை அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா அவருக்கு இடப்பக்கம் நின்று காபி ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

"உன் மகளா பட்லர்?"

"ஆமாங்க துரை. பால் வேணுங்களா?"

அவ்வளவுதான். இருபது வருஷத்தில் கிடைத்த ஒரே வாய்ப்பில் என் அப்பா கேட்டது, பால் வேண்டுமா என்று!

என்னைக் கூப்பிட்டார்கள். கையில் துடைக்கும் துணியோடு போய் நின்றேன். மீசைக்கு மேலே இரண்டு கண்கள் என்னைத் துளைத்தன. "பியானோவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

இரவும் பகலும் படித்த வாக்கியம் தானாக வந்தது. குனிந்து, இங்கிலீஷிலேயே, "மன்னிக்க வேண்டும், பியானோவுக்கு இன்று உடம்பு சரியில்லை, ஐயா" என்றேன்.

மேசைத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு வாக்கியத்தால் அப்படிக் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரோ தெரியாத ஒருவர் என்றோ எழுதி வைத்த ஒரு வரி, கடல் தாண்டி, கரையான் தாண்டி வந்து இதைச் செய்கிறது!

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இது ஏன் இன்னும் கீழ போகலை?"

சின்ன துரை முள்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "பங்களா வேலைக்காரங்க பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வழக்கமில்லைன்னு சொல்லிட்டாங்க சார். எனக்கு அது சரியாப் படலை."

வி.ஏ. துரை டோஸ்டில் மெதுவாக வெண்ணெய் தடவினார்.

"எனக்கு இப்போ ஒரு யோசனை தோணுது ரகு. இந்த வருஷத்திலிருந்து பங்களா ஆட்களையும் சேர்த்துக்கிட்டா என்ன? யாருக்கும் இதுவரை தோணலையே, ஆச்சரியம்தான். பட்லர், பேனா."

பேனா ஏற்கனவே அப்பா கையில் இருந்தது.

ஜூன் 11, புதன்

மூன்று தடவை அம்மாவுக்குச் சொன்னேன். மூன்று தடவையும் அழுதாள். நான்காவது தடவை, "போதும்ட்டி, சோறு பொங்கணும்" என்றாள். பிறகு தன் பெட்டியைக் காலி செய்து எனக்குக் கொடுத்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

நாளைக் காலை ஆறு மணி பஸ்.

சின்ன துரையிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் வேலை நிரந்தரமாகிவிட்டது. நாவலை எனக்கே கொடுத்துவிட்டார். "ஒரு வேடிக்கை பாரு மேபல். இந்தப் புத்தகத்தை நான் அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. அன்னிக்கு டோஸ்ட் தட்டுக்குப் பக்கத்துல கிடந்துச்சு. அந்த நேரத்துல பட்லர் ஏதோ உன் இங்கிலீஷ் டீச்சர் உன்னைப் பாராட்டினதைச் சொல்லிட்டிருந்தார். படக்குன்னு தோணிச்சு."

வீட்டுக்கு முப்பது அடிதான். எனக்கு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. வழியில் நின்று நின்று எண்ணினேன். டோஸ்ட் தட்டு. ஏழாவது கையெழுத்து. நூற்றுப் பன்னிரண்டு. மழை. பேனா.

அப்பா வாசலில் உட்கார்ந்து என் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளையே பார்த்தேன். நாவலில் வரும் வேலட்டுக்காவது எழுதப் படிக்கத் தெரியும்.

"என்ன பாப்பா அப்படிப் பாக்க?"

"ஒண்ணுமில்லப்பா."

கேட்கவில்லை. கேட்டால், வயசாவுதுல்ல என்பார்.

ஜூன் 30, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன். கொண்டை ஊசி வளைவுகளால் எழுத்து ஆடுகிறது.

ஐந்து மணிக்கு நான் எழுந்தபோது அப்பா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். என் நினைவு தெரிந்து அப்பா தூங்கி நான் பார்த்ததில்லை. அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "எழுப்புட்டி, பஸ்ஸு போயிரும்" என்றாள்.

"இரும்மா" என்று சொல்லி நானே தேநீர் போட்டேன். அப்பா எடுத்து வைத்த தட்டு ஏற்கனவே மேசைமேல் இருந்தது, கோப்பையும் ஸ்பூனுமாக. எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். கூப்பிடவில்லை, தொடவும் இல்லை. ஸ்பூனை ஒரே ஒரு தடவை தரையில் போட்டேன்.

டிங்!

அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "நானே முழிச்சிட்டேன்" என்றார்.

"ஆமாப்பா" என்றேன். அந்த வேலட் மாதிரி முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன். ஒருவழியாக அப்பாவுக்கும் நான் ஒன்று செய்துவிட்டேன் என்ற பெருமை பஸ் ஏறிய பிறகும் அடங்கவில்லை.

ஒன்பதாவது வளைவில்தான் ஞாபகம் வந்தது. அந்த ஸ்பூன் தட்டின் விளிம்பில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு, கை பட்டாலே விழுகிற மாதிரி இருந்தது. இருபது வருஷமாக ஸ்பூனைக் கோப்பைக்கு வலப்பக்கம், நூல் பிடித்தது போல நேராக வைக்கிறவர் என் அப்பா.